காரைக்குடிப் பட்டறைக் குறிப்பு: ஸ்பார்க் ப்ளக் மாற்றிய வாரம்

2024 ஏப்ரல் 6, சனி

நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி). மூணாவது கியரில் இழுக்கும்போது மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு இழுக்கிறது. ராத்திரி நிறுத்திய வண்டி, காலையில் ஆறிக் கிடக்கும்போதே கை வைத்தாயிற்று. சூட்டில் கழற்றினால் ஹெட்டின் மரை ப்ளக்கோடு பிய்ந்து வரும்.

ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களை எடுத்ததும் ப்ளக் குழிகளில் காற்றடித்து ஊதியாயிற்று. நம்ம ஊர்ச் செம்மண் புழுதி ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகையாவது இருக்கும்; ஊதாமல் கழற்றினால் நேரே சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய நாலும் முட்டை அட்டையில், சிலிண்டர் வரிசைப்படி. குப்பையில் போடும் முன் முனையைப் பார்த்துவிட வேண்டும். வெளிர் பழுப்பு என்றால் நலம். எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. இதில் நாலிலும் காய்ந்த கரி. ஏர் ஃபில்டரைத் தட்டினால் செங்கல் பொடி மாதிரி கொட்டுகிறது. அதை மாற்றாமல் ப்ளக் மட்டும் போட்டால் புதுசிலும் கரி பிடிக்கும்.

புதுசை மாட்டும்போது முதல் மரைக்கு ராட்செட் ஸ்பேனர் கூடாது. ப்ளக்கின் தலையில் பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகித் திருகினால், மரை கோணினாலும் ஹோஸ்தான் வழுக்கும். கையால் வாஷர் உட்கார்ந்தபின் அரைச் சுற்று. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்கு 25 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் வேண்டாம், வழுக்கலில் முறுக்கு கூடிவிடும்.

ஏப்ரல் 8, திங்கள்

அம்பாசடர், 1489 சி.சி. படைப்புக்கும் (குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் ஷெட்டை விட்டு வருவது. ப்ளக் முனை 450 டிகிரி செல்சியஸாவது ஏறினால்தான் கரி தானாக எரியும். கோயில்வரை போய்த் திரும்பினால் ஏறாது. ப்ளக்கின் ஓரக் கம்பியை நெம்பி வைத்த இடைவெளி 0.6 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) லேசாக உரசினால் போதும். (இரிடியம் ப்ளக்கை இப்படி நெம்பினால் ஊசி முனை ஒடியும்.) வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியது. நாலையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசை குழம்பிப் பின்வெடிதான்.

ஏப்ரல் 11, வியாழன்

புது ப்ளக் போட்டும் மிஸ்ஸிங் என்று ஒரு வண்டி. 2, 3-ம் சிலிண்டர் காயில்களை இடம் மாற்றிப் பார்த்ததில் மிஸ்ஸிங் 2-லேயே நின்றது, காயிலில் குறையில்லை. 2-ம் ப்ளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல், சாக்கெட் சாய்ந்து திருகியதன் அடையாளம். 3-ம் குழியில் எண்ணெய் வேறு. டேப்பெட் கவருக்கு (ஹெட்டின் மேல் மூடி) அடியிலுள்ள சீல் மதுரையிலிருந்து வரவேண்டும்.