பரவுமா?

தோல் கிளினிக்கில் தாதியாக வேலை செய்த ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "மிஸ், இது பரவுமா?" என்பதுதான். கரப்பானோ தேமலோ, எதோடு வந்தாலும் அதே கேள்வி. திருகோணமலையில் தோல் வருத்தம் என்றால் வலியைவிட அயலவரின் பார்வைக்கே பயம் அதிகம். "பரவாது" என்று சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் பழகிவிட்டது.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளி வருவார். அறுபது வயதைத் தாண்டியவர். வெயிலில் கறுத்த முதுகில் ஒரு குறையும் இல்லை. சாரத்துக்குள் மறையும் தொடையிலும் பிட்டத்திலும்தான் செதில் உதிரும் கருஞ்சிவப்புத் திட்டுகள். வெயில் படாத இடமாகப் பார்த்துப் பிடிக்கும் வருத்தம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. கொப்பியில் எக்சிமா, அதாவது கரப்பான் என்று இருந்தது. பூசுமருந்துக்கு அடங்கும், மறுபடி வரும். ஏழு வருடம் இப்படியே போனது. வெட்கத்தில் அவர் முழுதாகக் காட்டியதில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அது என் பிழை.

இரண்டாவது தடவை தோல் துண்டு எடுத்து அனுப்பிய பிறகே பெயர் தெரிந்தது: மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பெயரில்தான் காளான். 1806இல் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த கட்டிகள் காளான் போலிருந்ததால் வந்த வினை. உண்மையில் இது டி நிணக்கலங்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் தோலில் பெருகும் புற்றுநோய். பலருக்குத் திட்டோடு நின்றுவிடும். அதோடேயே முதுமை வரை வாழ்ந்துவிடுவார்கள். சிலருக்குத்தான் திட்டு தடித்துக் கட்டியாகி, நெறி கட்டி, உள்ளே இறங்கும்.

அவருடைய மனைவி அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைத்திருந்தார். குட்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. "அம்மா, இது பரவாது. ஒரே கோப்பையில் சாப்பிடுங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்த வருடம் தொடையில் கட்டிகள் எழும்பிப் புண்ணாகின. அரையில் நெறி கட்டியது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தார்கள். ஸ்கானில் நுரையீரலிலும் ஈரலிலும் இருந்தது. மனைவி கடித உறையை என் மேசையில் வைத்தார்.

"பரவாது என்று சொன்னீர்களே, மிஸ்."

குரலில் கோபமே இல்லை. ஆளுக்கு ஆள் தொற்றுவது வேறு, ஒரே உடம்புக்குள் பரவுவது வேறு என்று விளக்கினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய விளக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தபடி கேட்டார்:

"அப்படியென்றால் கோப்பை ஒன்றாகவே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும், அம்மா" என்றேன்.