ஸ்லைடை எடுங்கள், கத்தரிக்கோலைக் கொடுங்கள்

டெல்டாவில் விவசாயிகள் பயிற்சி என்றால் ஒரு கல்யாண மண்டபம், புரொஜெக்டர், பதினொரு மணி டீ, மதியம் சாப்பாட்டுப் பொட்டலம். "இளம் நெற்பயிரில் இலை சுருட்டுப்புழுவுக்கு அவசரப்பட்டு மருந்தடிக்காதீர்கள்" என்று ஸ்லைடு சொல்லும். எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுவாரம் நாலு இலை வெளுத்ததும் மருந்துக்கடையில் நிற்பார்கள்.

அதையே செய்துபார்க்க விடலாம். நட்ட 20-25ஆம் நாளில் ஒரே வயலில் ஒரு சதுர மீட்டர் கட்டம் ஒன்பது. மூன்று கட்டத்தை அப்படியே விட்டு, இன்னொரு மூன்று கட்டத்தில் கால்வாசி இலையையும், மீதி மூன்று கட்டத்தில் பாதி இலையையும் புழு தின்ற மாதிரி கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். மூன்று வகையும் கலந்து கிடக்கட்டும். வரப்பிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள். ஓரப்பயிர் தனிச் செழிப்பாக வரும், கணக்கு பொய்யாகிவிடும். அடையாளத்துக்கு மூங்கில் குச்சி. வெறும் கயிறு களையெடுப்போடு போய்விடும். அறுவடையில் தனித்தனியே எடை போடுவதுதான் பாடம். ஐப்பசி மழையில் கட்டம் மூழ்கிவிட்டால் அந்த எடையை வைத்து எதையும் நிரூபிக்க முயலாதீர்கள்.

செய்வது, அலசுவது, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது, அதை மறுபடி சோதிப்பது: கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் விவரித்த சுழற்சி இது. பயிற்றுநர் பலர் முதல் படியோடு வேனைக் கிளப்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் இருந்தால் வயலுக்கு ஒரு மணி போதும், மிச்சம் பேச்சுக்கு. காலை ஆறரைக்கே தொடங்குங்கள், இல்லாவிட்டால் நடவாட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இதற்கு நல்ல மாதிரி. சுமார் 25 பேர், ஐந்து குழு, பருவம் முழுக்க வாரம் ஒருநாள். குழுவுக்குப் பத்து நெல் குத்தைப் பார்த்து எண்ண வேண்டும். தூர், பூச்சி, சிலந்தி, தண்ணீர் மட்டம் எல்லாம் சார்ட்டில் படமாக. எழுதச் சொன்னால் பேனா வைத்திருப்பவர் மட்டுமே பேசுவார்.

பயிற்றுநருக்குக் கஷ்டம் வாயைக் கட்டுவது. "இது என்ன பூச்சி சார்?" என்றதும் பெயரைச் சொன்னால் அலசல் அங்கேயே முடிந்தது. "எங்கே இருந்தது, தூரடியிலா இலையிலா? கூட்டமாகவா? என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு சட்டியில் நெல் குத்தை வைத்து, பத்துப் புகையானும் (தூரடியில் சாறு உறிஞ்சும் பூச்சி) ஒரு சிலந்தியும் விட்டு, வலையால் மூடித் தினமும் எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் சிலந்தி இல்லாத சட்டி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்கும்போது நசுங்கிச் செத்த புகையானும் சிலந்தி கணக்கில் ஏறிவிடும்.