அடையாற்று முகத்துவாரத்தில் பத்து மணி மாதிரிகள்

ஆய்வு மாணவனாக இருந்த நாட்களில் அடையாற்று முகத்துவாரத்துக்குக் காலை பத்து மணிக்குப் போய், நீர் மாதிரி எடுத்துக்கொண்டு பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிடுவோம்; வண்டி அப்போதுதான் கிடைக்கும் என்பதைத் தவிர அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. வண்டி கிடைத்த தேதிகளில் எடுத்த அந்த மாதிரிகளில், சேற்றில் உண்டாகும் வாயுவான மீத்தேன் ஏறியும் இறங்கியும் காட்டியபோது, மழையையும் வெயிலையும் காரணமாகச் சொல்லி அறிக்கை எழுதினோம். கடல்நீர் ஏறி வற்றும் ஓதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், அதே பத்து மணி ஒரு முறை ஏற்றத்திலும் மறுமுறை வற்றத்திலும் விழும் என்பதை நாங்கள் கணக்கில் கொள்ளவே இல்லை.

பிறகு ஓர் அமாவாசையை ஒட்டி, ஓதம் இரண்டு முறை ஏறி வற்றும் 25 மணி நேரமும் உடைந்த பாலத்தருகே படகில் இருந்து, இரண்டு மணிக்கொரு முறை நீர் எடுத்தோம். கரைந்த ஆக்சிஜனை அறிய மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு சுருள் சுருளாக இறங்கும். பின்னிரவு வற்றத்தில் எடுத்த அடிநீரிலோ அது பால்போல் வெள்ளையாகவே படிந்தது. மீத்தேன் புட்டியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் மூடிய இரண்டு புட்டிகளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன்.

மீத்தேனின் உச்ச அளவு அந்தப் பின்னிரவில்தான் வந்தது. வற்றத்தில், மீத்தேன் உண்டாவதை மட்டுப்படுத்தும் சல்பேட் நிறைந்த கடல்நீர் விலகி, மேலிருந்து சாக்கடை நீர் இறங்குகிறது. நீரின் அழுத்தம் குறைவதால் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன. இரவில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. எனவே மீத்தேனை உண்ணும் நுண்ணுயிரிகளின் கை தளர்கிறது. பகலில் கடற்காற்று அடித்துக்கொண்டு போகும் வாயுவும் காற்றில்லா இரவில் நீரிலேயே தங்குகிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரே இரவை வைத்துச் சொல்ல முடியாது.

ஏழு நாள் கழித்துப் போனால் பின்னிரவில் வற்றத்துக்குப் பதில் ஏற்றம் இருக்கும் என்று கணக்கிட்டுப் போனோம். உச்சம் மட்டுப்பட்டது உண்மைதான். ஆனால் அமாவாசையின் பெரிய ஓதம் அட்டமிக்குள் சிறிதாகிவிடும் என்பதால், அந்த ஒப்பீடும் முழுமையாகவில்லை.

கோடையில் மணல்திட்டு வளர்ந்து வாயை அடைத்தது. "முகம் அடைஞ்சுபோச்சு சார், இனிமே தண்ணி எங்க ஏறும், எங்க எறங்கும்?" என்றார் படகுக்காரர், எங்கள் வேலை கெட்டதென்று வருந்தி. எனக்கோ, ஓதம் இல்லாமல் பகலும் இரவும் மட்டும் மிஞ்சிய நீர் முதன்முறையாகக் கிடைத்திருந்தது. அன்று மொத்த அளவே கூடியிருந்தது. பகலுக்கும் இரவுக்கும் இடையே வேறுபாடு இருந்தாலும், அமாவாசை இரவில் கண்டதைவிட அது மிகச் சிறியது. பழைய பத்து மணி அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்றைய ஓத நேரத்தைப் பென்சிலால் குறித்து, மழைக் காரணம் சொல்லியிருந்த பத்தியை அடித்துவிட்டேன்.