வயிற்றுக் கிருமிகளும் என் எடையும்

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எடை ஏறிக்கொண்டே போய், சர்க்கரையும் எல்லையைத் தொட்டுவிட்டது. நம் மக்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 25 வந்தாலே உடல்பருமன் கணக்குதான்.

தர்மபுரியில் பார்த்த டாக்டரம்மா முதலில் சாப்பாட்டைத்தான் விசாரித்தார். இட்லி, வெள்ளைச் சோறு, டீயோடு பிஸ்கட், ராத்திரி புரோட்டா என்று சொன்னேன். "இதுல உங்க குடல் கிருமிங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சலையேம்மா" என்றார்.

நம் குடலிலேயே வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத்தான் அப்படிச் சொன்னார். நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதைத் தின்று அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் குடல் சுவருக்குத் தெம்பு. நார் கிடைக்காவிட்டால் சில கிருமிகள் குடலின் சளிப்படலத்தையே அரிக்கும். சுவர் தளர்ந்தால் கிருமித் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். நோய் எதிர்ப்புச் சக்தி அதைப் பகையென்று எடுத்துக்கொள்ள, காய்ச்சல் இல்லாமலே நீறு பூத்த நெருப்பாக ஓர் அழற்சி உடம்பில் தங்கிவிடலாம். ரத்தச் சர்க்கரையை இறக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

குடல் கிருமிகளுக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு சோதனை: 2004இல் அமெரிக்காவில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் கிருமிகளைக் கொடுத்தார்கள். முன்பைவிடக் குறைவாகத் தின்றும் இரண்டே வாரத்தில் அவற்றின் கொழுப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கு அப்படியே நடக்காது என்பதையும் டாக்டரே சொன்னார். எடை குறைக்க, நல்ல கிருமிகள் கலந்த புரோபயாடிக் பவுடர் வாங்கலாமா என்றதற்கு, "அந்தக் காசுக்கு ராகியும் கொள்ளும் வாங்குங்க" என்றார்.

மதியம் களி, கீரைக் கடைசல், கொள்ளு, அவரை என்று மாற்றினேன். முதலில் வயிறு உப்பி, மிஷினில் குனியவே முடியவில்லை. நார் திடீரென்று கூடினால் கிருமிகள் வாயுவைக் கிளப்பிவிடுமாம். விட்டுவிடாமல் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். கொள்ளை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, கைப்பிடியளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். உப்புசம் அடங்கியது. களியும் மாவுதான், உருண்டை பெரிசானால் சர்க்கரை ஏறும். அதனால் துடுப்பால் கிளறி இறக்கியதும் எனக்குச் சின்ன உருண்டையாகத்தான் பிடிப்பேன். கீரைதான் தட்டில் நிறைய இருக்கும்.

சாயங்காலம் கடை மூடியதும் நடக்கவும் ஆரம்பித்தேன். சர்க்கரை இறங்கிவிட்டது. எடை மெதுவாகத்தான் குறைகிறது. பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டேப் வைத்துப் பார்க்கிறேன், இன்னும் அங்கே வரவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.