விளக்கைச் சுமந்து சென்ற கூலிப்படை

நம் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் தொடராக வந்த அந்த வீரசாகசக் கதையைப் பற்றி இதுவரை வெளிவந்த நம் சங்க மலர்கள் எதிலும் எவரும் எழுதவில்லை. ஆசிரியர்களைப் பற்றி எழுதினோம். விளையாட்டு விழாக்களைப் பற்றி எழுதினோம். மொகல் தெருக் கடைகளைப் பற்றிக்கூட எழுதினோம். ரங்கூனில் நாம் படித்த காலத்தில் பிறந்த மிகச் சிறந்த படைப்பு அந்த நோட்டுப் புத்தகங்களில்தான் இருந்தது என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

எழுதியவன் என் வகுப்புத் தோழன். குடும்பத்தாரைக் கேட்காமல் அவன் பெயரை அச்சில் போட எனக்கு மனமில்லை. படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும். அவன் தந்தை துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றும் கூட்டத்துக்கு மேஸ்திரி. முன்பணம், கடன், கூலிப் பிடித்தம் என்ற பேச்சுகளுக்கு நடுவே வளர்ந்தவன் அவன். கதையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

விதை தமிழ் வகுப்பில் விழுந்தது. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றி ஐயா ஒருநாள் சொன்னார். மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபம் எழுப்பி, கதவு அமைத்து, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார் என்பது அதன் செய்தி. நாங்கள் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தோம். அவனோ, அந்த விளக்கை யார் சுமந்து வந்தார்கள் என்று கேட்டான். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் சரக்கைக் காக்கத் தமக்கென வீரர்களை வைத்திருந்ததையும், எறிவீரர் என்று கல்வெட்டுகள் அவர்களைக் குறிப்பதையும் ஐயா விளக்கினார். அடுத்த இதழிலேயே முதல் அத்தியாயம் வந்துவிட்டது.

ஒன்பது கூலி வீரர்கள், ஒரு வணிகர், துணியில் பொதிந்த ஒரு விளக்கு. மகோதையர்பட்டினத்தில் புறப்பட்டுக் கடல் கடந்து, ஐராவதியில் படகேறி அவர்கள் பகானை நோக்கிப் போகிறார்கள். அந்த விளக்கு ஏற்றப்பட்டால் தன் ஆட்சி போய்விடும் என்று அஞ்சும் மாயக்காரன் ஒருவன் போப்பா மலையிலிருந்து ஆவிகளை ஏவுகிறான். வாள் சண்டைகளைவிட என்னைக் கட்டிப்போட்டவை சின்னச் சின்ன விவரங்கள். வீரர்கள் கூலியை எண்ணிப் பார்ப்பார்கள். செருப்பு வாரைத் தைப்பார்கள். படகோட்டிகளின் மீன் குழம்புக்கு முகம் சுளித்து, பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். இன்று அச்சில் வரும் சாகசக் கதைகளில் மன்னர்களும் இளவரசிகளும் நிறைந்திருக்கிறார்கள்; முன்பணக் கடன் தீராத வீரன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆற்று நாகம் வரும் அத்தியாயத்தை மறந்தவர் இருக்க முடியாது. தம்மசேதி மன்னர் ரங்கூனின் ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்கு வார்த்தளித்த பெருமணியை, அருகிலிருந்த சிரியம் துறைமுகத்தைப் பிடித்திருந்த போர்த்துக்கீசியக் கூலிப்படைத் தலைவன் பிலிப் த பிரித்தோ 1608இல் எடுத்துச் செல்ல முயன்றபோது, அது பெகு ஆறும் ரங்கூன் ஆறும் கூடும் இடத்தில் மூழ்கியது என்று நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 1613இல் அந்தத் தலைவனைப் பர்மிய மன்னர் அனவுக்பெத்லுன் பிடித்துக் கொன்றார். நம் தோழன் அந்த மணியை நாகத்தின் காவலில் வைத்துவிட்டான். முந்நூறு ஆண்டுக்கு மேல் பிசகுகிறதே என்று ஐயா கேட்டார். நாகம் பின்னால் வரப்போவதையும் பார்க்கும் என்று பதில் சொன்னான். ஐயா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கதையின் உச்சம் போப்பா மலையடிவாரத்தில் நடக்கும் வழக்காடல். அங்கே வணிகர் இறந்துவிடுகிறார். இனிக் கூலி தர ஆளில்லை. மாயக்காரன் இரட்டைக் கூலி தருவதாகத் தூது அனுப்புகிறான். தொடர்ந்து போக வேண்டுமா? ஒரு இரவு முழுவதும் ஒன்பது பேரும் வாதிடுகிறார்கள். கூலி நின்ற இடத்தில் வேலையும் நின்றது என்கிறான் ஒருவன். ஊரில் என் பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா என்று இன்னொருவன் அழுகிறான். இலங்கையின் பொலன்னறுவையிலிருந்து வந்த மூத்த வீரர், புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்பதாக வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் அங்கே தமிழில் கல்வெட்டி வைத்ததை நினைவுபடுத்துகிறார். இளையவன் உடனே, அதே வேளைக்காரர்கள்தாமே இலங்கை மன்னர் விஜயபாகு சோழர்மேல் போகச் சொன்னபோது மறுத்துக் கிளர்ந்தார்கள் என்று மடக்குகிறான். எவர் பக்கமும் முழுக்கச் சரியில்லை, எவர் பக்கமும் முழுக்கத் தவறில்லை. பள்ளிப் பையன் ஒருவன் இப்படி எழுதினான். அந்த இதழ் ஒரே பிரதி. வாசகசாலையில் மேல்வகுப்பு அண்ணன்மார்கூட வரிசையில் நின்று வாங்கிப் படித்தார்கள்.

முடிவில் ஐந்து பேர் விளக்கைத் தூக்கிக்கொள்கிறார்கள், நான்கு பேர் பிரிந்து போகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று அழைக்கவில்லை. பிரிகிறவர்கள் தங்கள் அரிசியில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அதற்குமேல் கதை வரவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவித்தார்கள். வீடு வீடாகச் சென்னைக் கப்பலுக்குப் பதிந்தோம். அவன் குடும்பம் எங்களுக்கு முன்பே புறப்பட்டது. மீதி அத்தியாயங்களைக் கப்பலில் எழுதப்போவதாகச் சொல்லிச் சென்றான். எழுதியிருப்பான் என்றே நம்புகிறேன். எடுத்ததைப் பாதியில் விடுகிறவன் அல்ல அவன்.

சென்னை பர்மா காலனியிலோ, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயிலோ, கோலாலம்பூரிலோ, இலண்டனிலோ இருக்கும் நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பச்சை அட்டை போட்டு, முதல் பக்கத்தில் விளக்குப் படம் வரைந்த கோடிட்ட நோட்டு எவர் பெட்டியிலேனும் இருந்தால் மலர்க் குழுவுக்குத் தெரிவியுங்கள். ஒரு நோட்டானாலும் போதும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அவன் குடும்பத்தார் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்கிறேன். அச்சுச் செலவும் என்னுடையது.