கைப்பைக்குள் ஒரு போத்தல்

எனக்கு 51 வயது. சீனி வருத்தம் வந்து 11 வருடம், பிரஷர் 6 வருடம். மாதாமாதம் கிளினிக், விரலில் ஒரு குத்து, கொப்பியில் ஓர் எண், ஒரு பை மாத்திரை. சலத்தைச் சோதிக்க யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சிறுநீரகத்தின் படம் வரைந்து பாகம் குறிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான்!

புதிதாக வந்த டொக்டர்தான் இரத்தத்தில் கிரியற்றினினும் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) காலையில் முதலில் போகும் சலத்தில் அல்புமினும் (சிறுநீரகம் பழுதானால் கசியும் புரதம்) பார்க்கச் சொன்னார். சலத்தைப் பொகவந்தலாவையில் பிடித்து ஹட்டனில் கொடுக்க வேண்டும். போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் நிறுத்தினேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஒரு மாணவியின் தாய், "கொடுங்க டீச்சர், நான் வைத்துக்கொள்கிறேன்" என்று பையை வாங்கி, தன் சோற்றுப் பார்சலோடு சேர்த்து மடியில் அணைத்துக்கொண்டார். நோர்வூட், டிக்கோயா என்று வளைவுக்கு வளைவு என் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. நல்லவேளை, போத்தலின் மூடி கழன்றுவிடவில்லை.

கிரியற்றினின் 1.3. "கொஞ்சம்தானே கூட?" என்றேன். டொக்டர் என் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சிறுநீரகம் வடிகட்டும் அளவு 50 என்று எழுதினார். மூன்று மாதம் 60க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட நோய் என்றுதான் பெயர். சலத்தில், கிரியற்றினினோடு ஒப்பிட்டு 30க்குள் நிற்க வேண்டிய அல்புமின் விகிதம் 180.

"வலிக்கு என்ன போடுகிறீர்கள்?" என்றார் அடுத்து. பள்ளிக்கூடப் படிகள் ஏறும் முழங்காலுக்கு டைக்ளோபினாக், கிழமைக்கு நாலைந்து. பாமசியில் கேட்டு வாங்குவது. கொப்பியில் இல்லாததால் அதை மருந்தென்றே நான் நினைத்ததில்லை. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையே அது குறைத்துவிடும் என்றார். அன்றோடு நிறுத்தினேன். முழங்கால் சும்மா விடவில்லை. பரசிட்டமோலும் சுடுநீர் ஒத்தடமுமாக இழுத்துக்கொண்டு போகிறேன்.

பிரஷருக்கு லொசாட்டன் தந்தார்; அல்புமின் கசிவதையும் அது குறைக்குமாம். இரண்டு கிழமையில் கிரியற்றினினோடு பொட்டாசியமும் பார்த்தார்கள். இதெல்லாம் எளிது, உப்புதான் பெரும்பாடு. நாளைக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். கருவாடு போயிற்று, அச்சாறு போயிற்று. அம்மா எனக்கென்று தனியாக உப்பில்லாத சம்பல் இடித்து, "இதை மாடுகூடத் தின்னாது" என்றபடி ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்று மாதத்தில் கிரியற்றினின் 1.1, அல்புமின் 95. இன்னும் 30க்குள் வரவில்லை. அடுத்த போத்தல் மாசியில். இந்தமுறை பையை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.