மூன்றாவது பேர்

உளவியல் சிகிச்சையாளராக நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மனநல மருத்துவரின் சீட்டோடு இருபதுகளில் இருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வலிப்பு நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் பகலில் மணிக்கணக்காக நினைவு தப்பும். வாங்கிய ஞாபகமே இல்லாத பொருள்கள் பையில் கிடக்கும். சில நேரம் சின்னப் பிள்ளை குரலில் பேசுவார். பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் இரண்டு கோயில்களுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

நான் அப்போதுதான் ஹிப்னாசிஸ் (அறிதுயில்) பயிற்சி முடித்திருந்தேன். மூன்றாவது சந்திப்பிலேயே செய்து பார்த்தேன். சட்டென்று ஆழ்ந்துவிட்டார். பல ஆளுமைச் சிக்கல், அதாவது ஒருவருக்குள்ளேயே வெவ்வேறு ஆட்கள் இருப்பதுபோல் ஆகும் நிலை, உள்ளவர்கள் பொதுவாகவே அப்படித்தான். "உள்ள இன்னும் யாராவது இருக்கீங்களா? பேர் என்ன?" என்று கேட்டேன். ஒரு பேர் வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் அடுத்த வாரம் மூன்றாவது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கோ நினைவு தப்பும் நேரம் கூடிக்கொண்டே போனது. "இங்க வந்தப்புறம்தான் மேடம் அதிகமாயிருக்கு" என்றார் அவருடைய அம்மா.

என் மேற்பார்வையாளர் ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுல அவங்களா சொன்னது எது, நீ கேட்டதால வந்தது எது?"

அப்புறம் பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே பற்றிச் சொன்னார். 1880களில் பிரான்ஸின் லெ ஹாவ்ர் நகரில், லூசி என்ற பெண்ணிடம் ஹிப்னாசிஸ் செய்தவர் ஜானே. லூசிக்குத் தெரியாமலே அவள் கை பதில் எழுதியது. தான் பேசுவது யார் காதில் விழுகிறது என்று கேட்டார் ஜானே. வேறு ஒருத்தி என்று பதில் வந்தது. அவளுக்கு ஒரு பேர் வைப்போமா என்றார். வேண்டாம் என்றது கை. வசதியாக இருக்குமே என்று அவர் வற்புறுத்த, 'அட்ரியன்' என்று பேர் வந்தது. பேர் வைத்ததும் அந்த ஆளுமை இன்னும் தெளிவாகிவிட்டது என்று ஜானேயே எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இப்படிக் கேட்டுக் கேட்டு வரவழைப்பது பெரிய அளவில் நடந்தது. ஹிப்னாசிஸில் பழைய நினைவுகளைத் தோண்டப்போய், நடக்காத கொடுமைகளும் நினைவாக எழுந்தன. வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. அறிதுயிலில் வரும் நினைவு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் மீது நம்பிக்கை மட்டும் உறுதியாகிவிடும். அதுதான் ஆபத்து.

அதனால் ஹிப்னாசிஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய நினைவுகளைத் தோண்டுவதற்கு வேண்டாம், மனதை நிலைப்படுத்தப் பயன்படுத்தலாம் என்பேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். சில மாதங்கள் ஹிப்னாசிஸ் பக்கமே போகவில்லை. தூக்கம், சாப்பாடு, நினைவு தப்பப்போகும்போது பாதத்தைத் தரையில் அழுத்துவது, இவ்வளவுதான். பிறகு அவரே சம்மதித்தபோது, பயமில்லாத ஓர் இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பாட்டி வீட்டு மொட்டைமாடி என்றார். பழைய வேட்டியில் வடகம் காய்கிறது. கண்ணை மூடியிருந்தவரின் வலது கை லேசாக எழுந்து அசைந்தது. "காக்கா" என்றார், அந்தச் சின்னப் பிள்ளை குரலில். நான் பேர் கேட்கவில்லை. "வெயில் அதிகமா இருக்கா? நிழல்ல உக்காந்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். நகர்ந்து உட்கார்ந்தார். தோள் இறங்கியது. ஐந்திலிருந்து ஒன்று வரை மெதுவாக எண்ணி, அன்றைய தேதியைச் சொல்லி, கண் திறக்கச் சொன்னேன்.

எங்கள் வேலை அதற்குப் பிறகு இரண்டு வருடம் நடந்தது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும் முன் கடைசியாக வந்தவர், கிளம்பும்போது கதவருகில் நின்றார்.

"மூணாவதா ஒரு பேர் சொன்னேனே மேடம், அது நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கன்னு சொன்னது."

அவர் போனதும் ஃபைலைத் திறந்து, அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வைத்தேன்.